ஐஸ் மேல் ஆடிய கபடி

போன வாரம் என் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எங்கோ ஒரு குளிர்நாட்டில் ஐஸ் ஹாக்கி. கோட்டு போட்ட மனிதர் ஒருவர் பளபளக்கும் ஐஸ் தரையின் நடுவில் நின்று, பெரிய கோப்பை ஒன்றைக் கேப்டனிடம் கொடுக்கிறார். அந்த லீக்கின் தலைமைச் செயல் அதிகாரியாம். இதோடு ஓய்வு பெறுகிறாராம்.

“இன்னா அத்தா, அப்படியே பாத்துக்கினு இருக்க?”

“நானும் இந்த வேலதாம்மா பாத்தேன்.”

அவள் சிரித்த சிரிப்பில், எங்கள் கடையில் செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலோடு திரும்பினார்.

நீங்களாவது நம்புங்கள். கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் சேர்த்து ஒரு கபடி லீக் நடந்தது. கமிட்டி கூடிய வெள்ளிக்கிழமை நான் ஜும்மா தொழுதுவிட்டுப் போவதற்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்ததால் விட மனசில்லாமல் ‘சீஃப் எக்ஸிகியூட்டிவ்’ என்று ஒரு பதவியை உண்டாக்கிக் கொடுத்தார்கள். கோடு போடச் சுண்ணாம்பு கொண்டுவருவது, நடுவருக்கு டீ வாங்குவது, மைக்செட்டுக்காரரோடு சண்டை போடுவது என் நிர்வாகப் பணிகள். விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அதைக் கொடுத்தேன். மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செருப்புக் கடை சொந்தக் கடைதானே என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது வருடம் இறுதிப் போட்டிக்கு வெள்ளிமலைப் பக்கத்து அணி ஒன்று முதல்முறையாக வந்தது. கேப்டன் சடையன் சாமை விதைக்கிறவர். பேச்சு கம்மி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டியூப்லைட் வெளிச்சத்தில் ஆட்டம் என்று நான்தான் தேதி குறித்தேன். முகூர்த்தம், நோன்பு, பரீட்சை எல்லாம் பார்த்துக் குறித்த தேதி. ஆனால் மலையில் திருவிழா எப்போது என்று எந்தக் காலண்டரிலும் போடுவதில்லை, ஊர் கூடித்தான் முடிவு செய்வார்கள். அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சடையன் கடைக்கு வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“காப்பு கட்டிட்டாங்க பாய். பொழுது சாயறதுக்குள்ள ஊரு எல்லைக்குள்ள இருக்கணும். ராத்திரி வெளிய தங்கக் கூடாதுங்க.”

தள்ளிவைக்கலாம் என்றால் திங்கட்கிழமை அதே மைதானத்தில் பொருட்காட்சிக்காரர்கள் ராட்டினம் இறக்குகிறார்கள். மலை அணி வராவிட்டால் ஆடாமலே கோப்பை டவுன் அணிக்கு. கமிட்டி மொத்தமும் என்னைப் பார்த்தது. பதவி கொடுத்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய் வாழைப்பழமாகத் தின்றேன்.

நடுப்பகலில் ஆடினால் மத்தியான பஸ்ஸில் அவர்கள் ஏறிவிடலாம். ஆனால் அது சித்திரை வெயில், வெறுங்கால் ஆட்டம். மண் கொதிக்குமே என்று யோசித்தபடி மார்க்கெட் பக்கம் போனபோது அந்த வாசனை வந்தது. ஈர உமி, நனைந்த சாக்கு, மூக்கைக் குத்தும் அமோனியா. கோவிந்தன் அண்ணனின் ஐஸ் ஃபாக்டரி. பள்ளிக்கூட நாளில் அங்கே உடையும் சில்லுகளைப் பொறுக்கி, உமியைத் துப்பித் துப்பிச் சப்பியிருக்கிறேன். என் மூளையில் உருப்படியாக ஏதாவது தோன்றியதென்றால் அந்த வாசலில்தான் தோன்றியது.

“மீனுக்குக் கேப்பாங்க, பொணத்துக்குக் கேப்பாங்க,” என்றார் கோவிந்தன் அண்ணன். “தரைக்கு ஐஸு கேட்டு வந்தவன் நீதாம்பா.”

ஞாயிற்றுக்கிழமை பார் பாராக ஐஸை உடைத்து மைதானமெங்கும் பரப்பினோம். தரை குளிர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஐஸ் என்றால் உருகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனால் அன்றைக்கு ஞாபகத்தில் இல்லை. மலை பஸ் வந்து சேர்ந்தபோது ஆடுகளம் நாற்று நடத் தயாராயிருந்தது. நடுவர் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு என்னை முறைத்தார். டவுன் கேப்டன் ஆட முடியாது என்றார். எனக்கு மறுபடியும் பசித்தது.

சடையன் சேற்றில் இறங்கி நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“நாத்து எங்க பாய்?”

முதலில் சிரித்தது டவுன் கேப்டன்தான். சிரித்தவர் அப்புறம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஆட்டம் நடந்தது. பிடித்தால் விடாத டவுன் தடியர்கள் கையிலிருந்து மலைக்காரர்கள் விரால் மீனாக நழுவினார்கள். டவுன் ஆட்களும் சளைக்காமல் வழுக்கினார்கள். கடைசி மூச்சில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் மலை ஜெயித்தது. பஸ் கிளம்புகிற நேரம். துண்டு எடுத்துத் துடைக்கக்கூட நேரமில்லாமல் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். இந்தச் சேற்றோடு சீட்டில் உட்காரக் கூடாது என்று கண்டக்டர் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார். அவர்கள் கச்சிராயபாளையம் தாண்டி மலை உச்சி வரை நின்றுகொண்டே போனார்கள்.

கோப்பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். குறுக்குக் கம்பியில் சிக்கியது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் வெளியிலிருந்து தள்ள, சடையன் உள்ளிருந்து இழுக்க, ஒரு காது வளைந்து கோப்பை உள்ளே போனது. நேரம் மாறியது தெரியாமல், பரிசளிக்கச் சாயங்காலம் வந்த சிறப்பு விருந்தினருக்குச் சேற்றைக் காட்டினேன். ஜெயித்த கேப்டனுக்கென்று வாங்கிய பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கே போர்த்தினோம்.

காப்பு அவிழ்த்த மறுநாள் சடையன் ஒரு பை சாமையோடு கடைக்கு வந்தார். பொழுது சாயும் முன்னே எல்லையைத் தொட்டுவிட்டார்களாம். கோப்பையைச் சாமி முன்னால் வைத்தார்களாம். காதை நிமிர்த்தித் தரட்டுமா என்றேன். வேண்டாம், பார்த்தால் சிரிப்பு வருது என்றார்.

ஐஸ் ஃபாக்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பிரியாணி வாசனைதான் வருகிறது, குறை சொல்ல முடியாது. மைதானத்தில் கடைகள் முளைத்துவிட்டன. லீக்கும் கமிட்டியும் ஆளுக்கொரு வேலையில் மெல்லக் கரைந்துபோயின. மலைக்குப் போகும் புது பஸ்களைப் பார்க்கிறேன். அகலமான கண்ணாடி ஜன்னல், குறுக்குக் கம்பியே இல்லை. எவ்வளவு பெரிய கோப்பையும் காது வளையாமல் உள்ளே போகும்.