ரெஜினா அக்கா தொங்கவிட்ட பச்சை டேக்

ரெஜினா அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரகடத்தில் வயரிங் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். தரம் பார்க்கிற க்யூசி ரெஜினா. சிவப்பு டேக் ரெஜினா!

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் எந்தப் புது பார்ட் வந்தாலும் முதலில் ட்ரையல். தேறினால் பச்சை டேக், தேறாவிட்டால் சிவப்பு டேக். அக்கா கையில் சிவப்பைப் பார்த்தால் சூப்பர்வைசரே ஓடி வருவார்.

சாவுச் செய்தியை இப்படித் துள்ளிக்கொண்டு எழுதுகிறாளே என்று திட்டாதீர்கள். அக்காவை நினைத்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

அப்போது அவருக்குக் காண்ட்ராக்ட் முடியப் போகிற நேரம். பிள்ளைப்பாக்கத்தில் வீட்டு முன்னறையிலேயே விசேஷப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற கடை போடுவதென்று முடிவு செய்திருந்தார். ஒரு பழைய பிரிண்டரும் ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பும் இருந்தன.

புது விண்டோஸ் அந்த மெஷினில் ஏறாது. புது மெஷின் வாங்க வழியில்லை. அது ஓடாவிட்டால் கடை இல்லை... கடை இல்லாவிட்டால் மறுபடி ஏதாவது காண்ட்ராக்டர் வாசலில் போய் நிற்க வேண்டும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம், இலவசம்தான் என்று கம்பெனி பஸ்ஸில் வாயை விட்டவள் நான். அதிலும் வகை வகையாக இருக்கிறதே, நான் டெபியன் கட்சி. சேரப்பணஞ்சேரியில் ஏறியதிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் டெபியன் புராணம்தான்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நீ பேசறது சப்ளையர் பேச்சு. ட்ரையல் எட்துகினு வா."

ஞாயிறு பூசை முடிந்ததும் பென்டிரைவ்களோடு போய் நின்றேன். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் மட்டும் உள்ளே ஏற்றிக்கொள்ளலாம். அக்கா மூன்று செக் பாயிண்ட் வைத்திருந்தார்.

"ஒண்ணு, என் பிரிண்டரு ஓடணும். ரெண்டு, தமிழு உடையாம வரணும். மூணு..." என்று பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினார். "இவரு யாரையும் கேக்காம ஷட்டவுன் பண்ணணும்."

அந்தோணி அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மலை மாதிரி லோடைத் தூக்கி அலுங்காமல் வைப்பார், மவுஸைக் கண்டால் மட்டும் எட்டி நிற்பார்.

"என்னை இன்னாத்துக்கு இதுல இழுக்குற?"

"நான் வூட்ல இல்லாதப்போ நீதானே அணைக்கணும்?"

முதலில் டெபியன். பிரிண்டர் ஓடியது! தமிழ் அட்டகாசம்! நான் பாதி ஜெயித்துவிட்டேன்.

அண்ணன் உட்கார்ந்தார். கீழே தேடினார், நடுவில் தேடினார்... ஷட்டவுன் மேலே வலது மூலையில் ஒளிந்திருக்கிறது, சொல்ல என் வாய் துடிக்கிறது, அக்கா கண்ணாலேயே அடக்குகிறார். கடைசியில் அண்ணன் எழுந்துபோய் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டார்.

சிவப்பு டேக்! அட்டையில் வெட்டி, கையெழுத்தெல்லாம் போட்டு, என் பென்டிரைவில் கட்டியே விட்டார்.

"அக்கா, அது அண்ணன் தப்பு. டெபியன் இன்னா பண்ணும்?"

"ஆபரேட்டருக்குப் புரியலன்னா பார்ட்டுதான் ரிஜெக்ட்டு. அடுத்ததைப் போடு."

அடுத்தது மின்ட், லினக்ஸில் இன்னொரு வகை. எனக்கு இஷ்டமே இல்லாமல் கொண்டுபோனது. பிரிண்டர் ஓகே, தமிழ் ஓகே. அண்ணன் உட்கார்ந்தார்... இடது கீழ் மூலை, மெனு, கிளிக்... ஸ்கிரீன் கறுத்தது.

"ஏய் ரெஜினா! நானே அணைச்சிட்டேன்டி!"

தெருவே எட்டிப் பார்த்தது. நான் தோற்றுப்போனவள், நானும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறேன்! அக்கா பச்சை டேக்கை மானிட்டரிலேயே தொங்கவிட்டார்.

கடை நன்றாக ஓடியது. பென்னலூரிலிருந்தெல்லாம் காதுகுத்துப் பத்திரிகைக்கும் அஞ்சலி நோட்டீஸுக்கும் தேடி வந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் நான் "டெபியன்தான் ஒஸ்தி" என்பேன், அவர் டேக்கைக் காட்டுவார்.

இன்று காலை நான் போனதும் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். "கலை, நாலு மணிக்கு எடுக்குறோம். நோட்டீஸு குடுக்கணும். இங்க எல்லாருக்கும் அவதான் அடிச்சுக் குடுப்பா... இப்போ இன்னாம்மா பண்றது?"

அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பச்சை டேக் அப்படியே தொங்குகிறது. யாருக்கோ அவர் செய்து வைத்திருந்த அஞ்சலி நோட்டீஸைத் திறந்து பெயரையும் நேரத்தையும் மாற்றினேன்... ரெஜினா என்பதை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.

பிரிண்ட் கொடுத்தேன். மாதாவே, இன்று மட்டும் மக்கர் பண்ணக் கூடாது.

வந்தது! ஓர் எழுத்துகூட உடையாமல் வந்தது! "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்... அக்கா இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகக் கத்தியிருப்பார்.

நோட்டீஸ் கட்டு வெளியே போனது. மெஷினை அணைக்கலாம் என்று மவுஸைத் தொட்டேன்.

"நீ எழுந்துக்கம்மா" என்றார் அண்ணன்.

அவர் உட்கார்ந்தார். இடது கீழ் மூலை, மெனு, கிளிக். யாரையும் கேட்கவில்லை.

டெபியன்தான் ஒஸ்தி என்று நான் இன்னமும் சொல்வேன் அக்கா... டேக்கைக் காட்டத்தான் நீ இல்லை. போய் வா.