மஞ்சள் தடவிய தந்தி

அந்தத் தந்தி இப்போது எந்த ஊரில், எந்த மேஜை இழுப்பறையில் கிடக்கிறதோ தெரியாது. ஒரு சாண் அகலக் காகிதம். டைப் அடித்த எழுத்துகளைப் பட்டையாக வெட்டி அதில் ஒட்டியிருந்தார்கள். நான்கு மூலையிலும் என் அம்மா குழைத்த மஞ்சளைத் தொட்டு வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் நல்ல சேதி சொல்லும் காகிதத்துக்கு அப்படித்தான் செய்வோம். கல்யாணப் பத்திரிகை என்றால் மஞ்சள் வைத்து சாமிபடத்துக்கு முன்னால் வைப்போம். சாவுச் சேதி வந்த காகிதமோ வீட்டுக்குள் இருக்கவே கூடாது. படித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும். அன்றைக்கு வந்தது மஞ்சள் தடவ வேண்டிய காகிதமா, கிழிக்க வேண்டிய காகிதமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு அப்போது பதினாறு வயது.

என்னைப் பற்றி மதுரையில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். காளவாசலில் ஒரு ஸ்டூலையும் நாலு ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு மோட்டார் காயில் கட்ட உட்கார்ந்தவன். இன்று மூன்று கடை, என்னிடம் தொழில் கற்றவர்களுக்குத் தனியாக எட்டுக் கடை. மோட்டாரைப் பிரிக்க வேண்டியதில்லை. ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா, காயில் புகைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இஞ்சினியரிங் படித்த பையன்கள் மீட்டரை வைத்து ஒரு மணி நேரம் குடைந்து கண்டுபிடிப்பதை நான் டீ கிளாஸ் காலியாவதற்குள் சொல்லியிருப்பேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் ஃபெயில். அதை நான் மறைப்பதில்லை. பள்ளிக்கூட விழாவுக்கு என்னைக் கூப்பிட்டால் மேடையிலேயே சொல்வேன். இன்னொன்றும் சொல்வேன்: “அமெரிக்கா வாடான்னு கூப்பிட்டுச்சு, வரலேன்னு சொன்னவன் நான்.” பிள்ளைகள் கை தட்டுவார்கள். பொய்யில்லை, உண்மைதான். ஏன் போகவில்லை என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அம்மா இருந்தவரை சொல்ல முடியாது. போன மாதம் அம்மாவும் போய்விட்டாள்.

எழுபதுகளின் கடைசி அது. தல்லாகுளத்தில் பள்ளிக்கூடம், வீடு ஆனையூரில். இன்று ஆனையூரில் வீட்டுமேல் வீடாக அடுக்கியிருக்கிறார்கள். அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கிணறு, பம்புசெட்டு ரூம், அதற்கப்புறம் வயல்தான். வெளிநாட்டு மாணவர்கள் பத்துப் பேர் மூன்று மாதம் எங்கள் பையன்கள் வீடுகளில் தங்கப் போகிறார்கள், அடுத்த வருஷம் எங்கள் பையன்கள் அங்கே போய்த் தங்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. பொறுப்பு எங்கள் இங்கிலீஷ் சாருக்கு. ஒருவனையாவது விவசாயம் பார்க்கும் வீட்டில் தங்கவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. யார் வீட்டில் இடம் இருக்கிறது என்று கேட்டார். அப்பா அப்போதுதான் சிமெண்டுத் தரை போட்டு, காத்தாடி மாட்டி ஒரு ரூம் கட்டியிருந்தார். கையைத் தூக்கினேன். “வீட்டுல இங்கிலீஷ் யாருடா பேசுவா?” என்றார் சார். “நான் பேசுவேன் சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், இவன் தமிழே தத்தளிச்சுத்தேன் பேசுவான்” என்றான். அந்தச் சிரிப்புக்காகவே எப்படியாவது ஒரு வெளிநாட்டுப் பையனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. அப்பாவை விட்டு சாரிடம் பேசவைத்து, காரியத்தை முடித்தேன்.

வந்தவன் செம்பட்டைத் தலை, மூக்கு முழுக்கப் புள்ளி புள்ளியாக மச்சம். அமெரிக்காவில் ஏதோ சின்ன ஊர். வந்த அன்றே அம்மா அவன் வயதைக் கேட்டாள். என்னைவிட நாலு மாதம் மூத்தவன். “அப்ப இவந்தேன் பெரியவன், நீ சின்னவன்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். பதினாறு வருஷம் அந்த வீட்டுக்கு மூத்த பிள்ளையாக இருந்தவனுக்கு எப்படி இருக்கும். ஆனால் அவன்மேல் கோபப்பட முடியாது. அம்மாவின் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘இருக்கட்டும்’. போதும் என்றால் இருக்கட்டும் என்று இன்னொரு இட்லி விழும். தண்ணீர்க் குடத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் இருக்கட்டும்ய்யா என்று அவளே சுமப்பாள். பெரியவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் அதுதான். நாய் அவன் செருப்பைக் கடித்துக் குதறியபோது, அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்றான். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இந்த ஒரு சொல்லு போதும்யா, நீ எந்த ஊர்லயும் பொழச்சுக்குவ.”

அவனுக்கும் வீட்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன் நான். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை இட்டுக்கட்டுவேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இப்படித்தான் ஒருநாள் சாப்பிடும்போது அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாளாம், பரீட்சை எழுதப் போகிறாளாம். இது எனக்கு உண்மையாகவே புரிந்தது. சொன்னேன்.

“என்ன வயசிருக்கும் அவுகளுக்கு?” என்றாள் அம்மா.

“நாப்பதுக்கு மேலயாம்.”

“நாப்பதுலயா? வீட்டு வேலையும் பாத்துக்கிட்டு, ராத்திரி உக்காந்து படிக்கவும் செய்யிறாகளா? பாவம்டா அந்த அக்கா. எப்படியாச்சும் பாஸாகிறணும்.”

என் அம்மாவுக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியாது, கலரைப் பார்த்து ஏறுவாள். கைநாட்டு. முகம் பார்த்திராத அந்த அக்காவுக்காக வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட ஆரம்பித்தாள். பாஸானால் பொங்கல் வைப்பதாகவும் நேர்ந்துகொண்டாள். கோயிலிலிருந்து வந்ததும் பெரியவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “அம்மா பாஸா?” என்று கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே, “இன்னும் இல்லம்மா” என்பான். வாரம் தவறாமல் இந்தப் பேச்சு நடக்கும். பாஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் அப்படிப் புழங்கியது.

மூன்றாவது மாதத்தில், வெளிநாட்டுப் பிள்ளைகள் பத்துப் பேரையும் சார் நாலு நாள் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தல்லாகுளத்திலிருந்து தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுதான். தந்திக்காரரைப் பார்த்ததும் அம்மா களத்திலிருந்து முறத்தைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “யாரு போனாகளோ, எந்தத் தலை சாஞ்சுச்சோ” என்று அழுகை. கவரில் பெரியவன் பெயர் இருந்தது. தந்தியைக் காத்திருக்க வைக்கிற வழக்கம் ஏது? பிரித்தேன். தந்திக்காரர் சைக்கிளில் ஏறாமல் நின்றார். “தம்பி, இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா? இல்லாட்டி ஏறு, போஸ்ட்மாஸ்டர்கிட்ட போவோம். அவரு படிச்சுச் சொல்லுவாரு.” அதற்கு நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. “எனக்கே தெரியும்ணே, நீங்க போங்க.”

மதர் பாஸ்ட் சடன்லி சண்டே மார்னிங். அடியில் டாட் என்று அவன் அப்பா. இவ்வளவுதான் இருந்தது. மதர் தெரியும். பாஸ்ட் என்றால் பாஸாகிவிட்டாள், அதுவும் தெரியும். சண்டே, மார்னிங் எல்லாம் தெரியும். சடன்லி மட்டும் தெரியவில்லை. அது பரீட்சையின் பெயராக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். எந்த ஊரிலாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிசல்ட் வருமா என்று கேட்டுப் பார்க்கிற புத்தி அன்று இல்லை. “அழாதம்மா. பெரியவனோட அம்மா பாஸாயிருச்சு” என்றேன். அழுத கண்ணைத் துடைக்காமலேயே அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. “நெசமாவாடா? நல்லாப் படிச்சுப் பாத்துச் சொல்லு” என்றாள். நல்லாப் படிச்சுப் பார்த்ததுபோல இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன். அவள் முதலில் அழுததுதான் சரி. எழுத்தே தெரியாத அம்மா சரியாகப் படித்திருந்தாள். படித்தவன் போய் அவளைச் சிரிக்கவைத்துவிட்டேன். அம்மா மஞ்சளைக் குழைத்தாள், நாலு மூலையிலும் வைத்தாள். தந்தி சாமிபடத்துக்கு முன்னால் இரண்டு நாள் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவன் பஸ்ஸை விட்டிறங்கி வயல் வரப்பில் நடந்து வந்தான். தோளிலிருந்து பையை இறக்கவில்லை, அதற்குள் அம்மா கேசரித் தட்டோடு போய் நின்று ஒரு கரண்டி ஊட்டிவிட்டாள். நான் தந்தியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உன் அம்மா பாஸ் என்று சொன்னேன். அவன் குழப்பமாகச் சிரித்தான். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. படித்தான். மறுபடி படித்தான். மஞ்சளைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என் அம்மாவைப் பார்த்தான். அவள் அடுத்த கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நின்றாள். அவன் வாயைத் திறந்தான். அவள் ஊட்ட ஊட்டத் தின்றான். தட்டு காலியானது. “நல்லாருக்கும்மா” என்றான். அதற்குப் பிறகுதான் பையை இறக்கினான். பம்புசெட்டுத் தொட்டிச் சுவரில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “சந்தோசத்துல பயலுக்குப் பேச்சு வரல” என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மோட்டாருக்குள் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்கிற என் காதுக்கு, அந்த மோட்டார்ச் சத்தத்துக்கு அடியில் ஒருவன் அழுதது கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு தல்லாகுளத்துக்கு, சார் வீட்டுக்குப் போனான். ராத்திரி சாரோடு காரில் வந்தான். டிரங்கால் போட்டு அவன் அப்பாவிடம் பேசிவிட்டு வந்திருந்தார்கள். வாசலில் நின்றே சார் சொன்னார். பாஸ்ட் என்றால் அங்கே இறந்துபோவதையும் சொல்வார்களாம். சடன்லி என்றால் திடீரென்று. நெஞ்சடைப்பு. சனிக்கிழமை அடக்கம். “செவ்வாக்கெழமையே தெரிஞ்சிருந்தா பையனக் கொண்டுபோய்ச் சேத்திருக்கலாமே. நாளைக்கிக் காலையில ஏத்தினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது” என்றார். என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மா அவன் கையிலிருந்த தந்தியைப் பார்த்தாள். ஓடிப்போய் வாங்கி, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மஞ்சளைத் துடைக்க ஆரம்பித்தாள். “சாவு ஓலைக்கு மஞ்சத் தடவிட்டேனே, தாயப் பறிகுடுத்த பிள்ளை வாயில இனிப்ப ஊட்டிட்டேனே” என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். துடைக்கத் துடைக்க மஞ்சள் பரவியதே தவிர போகவில்லை. ஈரத்தில் ஒட்டியிருந்த பட்டை ஒரு பக்கம் கிளம்பிவிட்டது. பெரியவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். கிளம்பிய பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். “இருக்கட்டும்மா” என்றான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் போய்ச் சேர்ந்தேன், எல்லாம் முடிந்திருந்தது, அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல் என்று சார் படித்துச் சொன்னார். பதில் எழுத வேண்டும் என்றால் சாரிடம்தான் எழுதி வாங்க வேண்டும். அந்த வெட்கத்தில் எழுதவில்லை. வெட்கம் வருஷமானது, வருஷம் நாற்பதானது. அந்த வருஷப் பரீட்சையில் இங்கிலீஷ் பேப்பரை வெறுமையாக மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் என்னுடைய முறை என்று சார் பாஸ்போர்ட் ஃபாரத்தை நீட்டினார். அந்தப் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. வரவில்லை என்றேன்.

அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தண்டனை. சொந்தக்காரர்கள் கேட்டால், “நாந்தேன் அவசரப்பட்டு இனிப்பு கிண்டிட்டேன்” என்பாள், நான் படித்துச் சொன்னதைச் சொல்லமாட்டாள். அதற்கப்புறம் அவள் கையால் கேசரி கிண்டியதில்லை. என் கல்யாணத்துக்கும் இல்லை. பேரப்பிள்ளைகள் பரீட்சையில் பாஸானபோது, “தேறிட்டானா?” என்றுதான் கேட்பாள்.

போன வாரம் அந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். அம்மாவின் சேலைகளுக்கு அடியில் இருந்தது, மேலே அவன் விலாசம். பேங்க்கில் வேலை பார்க்கும் என் மருமகளைக் கூப்பிட்டு, பெரியவனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அந்த விலாசத்தில் அவன் இருக்கிறானோ இல்லையோ. நீளமாக, அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். வேண்டாம், இரண்டே சொல் போதும் என்றேன். மதர் பாஸ்ட். அதை மட்டும் எழுதி, என் பெயருக்குப் பதிலாகச் சின்னவன் என்று போடச் சொன்னேன்.

சமையல்கட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து நான்கு மூலையிலும் வைத்தேன். மருமகள் பதறிவிட்டாள். “என்ன மாமா இது? சாவுக் கடுதாசிக்கு யாராச்சும் மஞ்சத் தடவுவாகளா?”

“இருக்கட்டும்மா” என்றேன்.