குருத்தை விட்டுவைத்த கத்தரி

எங்கள் எதிர்வீட்டு முடிதிருத்துநர் காலையில் கடை திறக்கக் கிளம்பும் முன்பே நாற்பது தலைகளைத் துடைத்து, தலைக்கு ஒரு வார்த்தை பேசி, அனுப்பியும் வைத்துவிடுவார். எல்லாம் ஒரே பஞ்சில், ஒரே கிண்ணத் தண்ணீரில். நாற்பது என்பது என் கைச்சரக்கு, ஏழுதான். அவை தலைகளும் இல்லை, ஓலைகள். ஜன்னலோரத் தொட்டியில் ஒற்றைத் தண்டோடு நிற்கும் அலங்காரப் பனையின் ஓலைகள். ஆனால் அவர் துடைப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் எனக்கு அந்த முப்பத்து மூன்றையும் மன்னித்துவிடுவார்கள்.

ஓலையின் அடியில் இடது உள்ளங்கையை ஏந்திக்கொள்வார். வலது கையால் தண்டிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. ஓலை திமிறினால், "கொஞ்சம் குனிங்க சார்" என்பார், பழக்க தோஷத்தில். துடைக்கத் தொடங்கும் முன் பனையின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிடுவார். கடையில் தலைக்குச் சாயம் பூசியவர்களை உட்கார வைக்கும்போது போடுகிற தொப்பி அது. "உச்சியில தண்ணி நின்னா உள்ளயே அழுகிடும் பெரியம்மா" என்பது அவர் விளக்கம்.

வயது ஐம்பத்து மூன்று. தமக்கென்று இருக்கும் முடி காதோரம் மட்டும். அதைப் பற்றி அவரே சிரிப்பார். லிஃப்டில் யார் ஏறினாலும் முதலில் தலையைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. என் பேத்தியின் கல்யாணப் படங்களை ஒரு மணி நேரம் காட்டினேன். மாப்பிள்ளையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று: "ரெட்டைச் சுழி. படிய வைக்கிறது கஷ்டம்." மாப்பிள்ளையின் படிப்பும் உத்தியோகமும் அவர் கண்ணில் படவே இல்லை.

இந்தப் பனைக்கு முன்னால் அதே ஜன்னலோரத்தில் இன்னொரு பனை இருந்தது. அவர் மனைவி பதினொரு வருடம் வளர்த்தது. அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். சில்லில் விழுந்த மயிரிழைக் கீறலைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை, இவர் கடைக்கு விடுமுறை, அவள் தன் கடைக்குப் போயிருந்த நேரம். பனையின் நடுவில் ஊசிபோல ஒரு குருத்து நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது. சீப்புக்கு அடங்காத மயிர்க்கற்றையைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்குமா? கத்தரியை எடுத்தார். நறுக்கென்று ஒரு வெட்டு. உச்சி அழகாகச் சமமாகிவிட்டது. அப்போது பக்கத்தில் நின்று, "இப்பத்தான் பாக்கிற மாதிரி இருக்கு" என்று பாராட்டிய அறிவாளி நான்தான்.

வெட்டினால் வளரும் என்பது அவருடைய முப்பது வருடத் தொழில். பனைக்கு அந்த விதி இல்லை. அதற்கு உயிர் நிற்பது அந்த ஒரு குருத்தில். அது போனால் பக்கத்தில் இன்னொன்று முளைக்காது. பழைய ஓலைகள் ஒவ்வொன்றாகக் கீழிருந்து பழுத்து விழுந்தன. மாற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. எட்டு மாதத்தில் வெறும் தண்டு மிஞ்சியது.

மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கூந்தலை மாதம் ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்து அவர்தான் வெட்டிவிடுவார். கழுத்தளவு, பின்பக்கம் கொஞ்சம் ஏற்றி. அதோடு அது நின்றது. "அப்பறம் பாக்கலாம்" என்று ஒரு மாதம் சொன்னாள். அடுத்த மாதம் அதையும் சொல்லவில்லை. முடியை வளரவிட்டு, பெரிய கிளிப்பில் அள்ளிக் குத்திக்கொண்டாள். ஊரார் தலையெல்லாம் அவர் கையில் இருக்க, வீட்டுத் தலை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் போய் இரண்டு வருடமாகிறது. "என்னைய நம்பி உக்கார மாட்டேங்கறா பெரியம்மா" என்று அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லும்போது சீப்பிலிருந்து இல்லாத முடியை எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போதிருக்கும் பனையை அவளே வாங்கி வந்தாள். அவரைக் கிட்டே விடவில்லை. ஆனால் மகளுக்குப் பிரசவம் வந்தது. மூன்று மாதம் வெளியூரில் இருந்தாக வேண்டும். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். மண்ணில் விரலை விடவும், இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பவும். தினமும் ஓலை துடைக்கவும். கடைசி வரியில் பெரிய எழுத்தில்: கத்தரி கூடாது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வாசலில் நின்றார். உங்களிடமே இருக்கட்டும், என் கை என் பேச்சைக் கேட்காது என்றார். அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினம் காலை ஒரு விசாரணைக் கமிஷன் நடந்தது. விரல் மண்ணுக்குள் போகும், மூக்கருகே போகும், மறுபடி மண்ணுக்குள் போகும். குருத்தின் பக்கத்தில் சீப்பை நிறுத்தி, முந்தின நாளைவிட எத்தனை பல் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். "இன்னிக்கு ஒரு பல்லு" என்று லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது எனக்குச் செய்தி வரும். ஏறாத நாட்களில் அவர் முகத்தில் சவரம்கூட இருக்காது.

ஆறாவது வாரம், வெக்கைக்காற்று பட்டோ என்னவோ, ஜன்னல் பக்கத்து ஓலைகள் மூன்றில் நுனி காய்ந்தது. மனைவி வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் தொட்டியைத் திருப்பி, பனையின் நல்ல கன்னத்தை மட்டும் காட்டினார். நான்காம் நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார். அலமாரியைப் பார்த்தார். கேட்கவில்லை. நானே சாவியை எடுத்தேன். முதல் தடவை தப்பாகப் பாராட்டியவளுக்கு இரண்டாம் தடவை தப்பாக மறுக்கத் தைரியம் வரவில்லை.

அவள் திரும்பி வந்தது ஒரு மத்தியானம். பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும் சாக்கில் நானும் கூடவே உள்ளே போய்விட்டேன். பேரனின் எடை, மகளின் உடம்பு எதையும் சொல்லவில்லை. நேராகப் பனைக்குத்தான் போனாள்.

"கத்தரி வெச்சீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கத்தரி என் அலமாரியில் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது, மூன்று மாதமாக நான் இடுப்பைக்கூட அசைக்கவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஓர் ஓலையின் நுனியைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"வெட்டியிருக்கு" என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு ஓலையில. காஞ்சத மட்டும்" என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது. அதற்குத்தான் நான் போயிருந்தேன்.

அவள் நுனியை விடவில்லை. விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "பழுப்புல ஒரு நூல் விட்டு வெட்டியிருக்கீங்க."

"பச்சையத் தொட்டா மறுபடி காயுது. மொத ஓலையில ரெண்டு தடவ கெடுத்தேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, பச்ச தொடங்கற எடத்துக்கு முன்னாடியே நாம நிறுத்திக்கணும்னு."

அவள் அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். குருத்து ஒன்றரைச் சீப்பு உயரத்தில் நின்றது. நுனியில் முதல் மடிப்பு மட்டும் பிரிந்து, இன்னும் முழுதாகத் திறக்க மனமில்லாமல் இருந்தது.

"இத?"

"சீப்பால அளந்ததோட சரி. விரல்கூடப் படல."

அவள் குளியலறையிலிருந்து முக்காலியை எடுத்து வந்து ஜன்னலோரம் போட்டாள். பனைக்குப் பக்கத்தில், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கிளிப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கூந்தல் தோளைத் தாண்டி நான்கு விரல் கீழே விழுந்தது.

"ரெண்டு விரல் எடுங்க. இன்னிக்கு அது போதும்."

அவர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. சொன்ன பொய்யை நான்தானே காப்பாற்ற வேண்டும்? "இரும்மா, அலமாரியிலேருந்து கத்தரியக் கொண்டாறேன்" என்று சாவிக்கு இடுப்பைத் தடவிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உக்காருங்க பெரியம்மா. அது அவர் சட்டப்பையிலதான் இருக்கு. வாசல்லயே பாத்துட்டேன்."