லிஃப்ட் பக்கத்துப் பலகையில் சாந்தகுமாரியின் வாய்

சாந்தகுமாரி அக்காவின் வாய் நாறும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துதான் இருக்கிறது. காலையில் அவர் குழாயடியில் கொப்பளித்துத் துப்பினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடும். மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த முதல் வாரம், அதைப் பார்த்துக் கையிலிருந்த காபியைக் கீழே ஊற்றினேன்.

அவருக்கு முப்பத்தேழு வயது. வேலை வைட்ஃபீல்டில், ஒரு பல் கிளினிக்கில்.

நான்கு வருடமாக டாக்டர் ஷில்பாவின் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறார். ரத்தம் ஒட்டிய கருவிகளைக் கழுவுகிறார். ராத்திரி படுக்கும்முன் துலக்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ், ஈறில் ரத்தம் வந்தால் சும்மா விடாதீர்கள் என்று வருகிற பெண்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் அரைகுறை இந்தியிலும் ஒப்பிக்கிறார். எல்லாம் மாஸ்க்கைக் கழற்றாமல். கொரோனா போன பிறகும் அவர் மாஸ்க் போகவில்லை. மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

எல்லாம் முதல் பிள்ளையோடு தொடங்கியது. அப்போது திருப்பத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தார். ஐந்தாம் மாதம் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிரசவம் ஆனதும் பச்சை உடம்பு, பிரஷ் பட்டால் பல் ஆடிப்போகும் என்று நாற்பது நாள் வெறும் விரலால் தேய்க்க வைத்தார்கள். இரண்டாவது பிள்ளைக்கும் அதே நாற்பது நாள். அழுக்கு கல்லாகி ஈறுக்குள் இறங்கியது. வலித்தபோது கணவர் சீனு மூக்குப்பொடி வாங்கிவந்து, ஈறில் அடக்கிக்கொள் என்றார்.

அதே சீனு இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். “உன் பக்கத்துல படுக்கறதும் ஒண்ணு, சிவாஜிநகர் கறிக்கடை பின்னாடி படுக்கறதும் ஒண்ணு” என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்வார். அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார். சீனுவை எந்தக் காலத்திலும் யாரும் நாற்பது நாள் பல் துலக்காதே என்று சொன்னதில்லை.

போன வருடம் மேல் முன்பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கின. அவை போய்விட்டால் வாழ்நாள் முழுக்க மாஸ்க்தான் என்று அக்கா பயந்தார். தயங்கித் தயங்கி டாக்டரிடம் கேட்டார். ஸ்டாஃபுக்குச் செய்யாமல் இருப்பேனா என்றார் டாக்டர். ஒரு மதியம் நாற்காலியில் படுக்கவைத்து, பிளாஸ்டிக் கவ்வியால் உதடுகளை இழுத்துப் பிடித்து, உள்ளே கண்ணாடி விட்டுப் பதினோரு போட்டோ எடுத்தார்கள். வைத்தியம் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் கூட்டம் அதிகம். அதற்கடுத்த வாரமும். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

பிறகு ஒரு மாலை அக்கா படியேறி ஓடிவந்து போனை நீட்டினார். கிளினிக்கின் லிஃப்ட் பக்கத்தில் புதிதாக விளக்குப் பலகை. இடப்பக்கம் ஒரு வாய்: வீங்கிய ஈறு, கறுத்த கல், விலகிய முன்பற்கள். வலப்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இன்னொரு வாய். மேலே ஆங்கிலத்தில் முன்பு, பின்பு. கீழே, எட்டே வாரத்தில்.

“இது என் வாய் கிருத்தி. டெய்லி கண்ணாடில பாக்கறேன், எனக்குத் தெரியாதா? ரைட்ல பாரு, எப்படி வரும்னு போட்டுட்டாங்க.”

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. ஈஜிபுராவிலிருந்து வைட்ஃபீல்ட் போகும் வழியெல்லாம் தகரம் அடித்த பள்ளங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் எழும்பப்போகிற கட்டடத்தின் படம், நீச்சல் குளத்தோடு. தினமும் இரண்டு பஸ் மாறி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே போகிறவர் அக்கா. முதலில் படம் வரும், பிறகு கட்டடம் வரும். தன் வாயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். ஐந்து மாதம் பிளான் போட்டிருக்கிறார்கள் என்று டாக்டருக்குப் பரிந்து வேறு பேசினார்.

அது எங்கோ விலைக்கு வாங்கிய படம் அக்கா, உங்களுக்கு வைத்தியம் முடிந்துவிட்டதாகத்தான் இந்தப் பலகை எல்லாருக்கும் சொல்கிறது என்றேன். அவர் போனை வாங்கி வலப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேலுதட்டோரம் ஒரு மச்சம்.

“எனக்கு மச்சம் இல்லியே” என்றார்.

மறுநாள் டாக்டரிடமே கேட்டிருக்கிறார். டாக்டர் கோபப்படவில்லையாம். கன்னடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: “முகம் எங்க இருக்கு சாந்தா? வெறும் வாய்தானே. யாருக்குத் தெரியும்?” வைத்தியம் எப்போது என்றதற்கு மறுபடியும் அடுத்த வாரம்.

அந்தச் சனிக்கிழமை, பயணத்தில் கவனிக்காமல் விட்ட கடைவாய்ப் பல்லைச் சாக்காக வைத்து நானும் அங்கே போனேன். அந்தப் பலகையை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் நிஜம். காத்திருக்கும் இடத்தில் தர்ஷினி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். சாஃப்ட்வேர் வேலை, கோயம்புத்தூர்ப் பேச்சு, ஐந்து மாத வயிறு. துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது, இப்போது சுத்தம் செய்தால் குழந்தைக்கு ஆகாது என்று அம்மா தடுக்கிறார், பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாமா என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக லிஃப்ட் பக்கம் கையைக் காட்டினாள்.

“அந்த போட்டோவப் பாத்தாலே வாந்தி வருதுங்க. எப்படித்தான் ஒருத்தி இவ்ளோ கேவலமா விட்டிருப்பாளோ.”

அக்கா கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தார். மாஸ்க்கை ஒரு காதிலிருந்து எடுத்தார்.

“அது நான்தாம்மா. உங்கள மாதிரி அஞ்சாம் மாசத்துலதான் ஆரம்பிச்சிது. பொறந்தப்புறம் பாத்துக்கலாம்னாங்க. நீங்க பல்லு டாக்டர் கிட்ட மாசத்த சொல்லிட்டு இப்பவே க்ளீன் பண்ணிக்கோங்க, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. அந்த ரைட் சைடு பல்லு யாருதுன்னு எனக்குத் தெரியாது.”

தர்ஷினி துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். வெட்கப்பட்டு எடுத்தாள். அரை நிமிடம் கழித்து மறுபடி வைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். உள்ளேயிருந்து டாக்டர் அக்காவைக் கூப்பிட்டார். கதவு சாத்தப்பட்டது. என் முறை வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த வாரமே நான் அக்காவை அரசு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். காலை ஏழு மணிக்கே வரிசை. கையில் சீட்டோடு நின்றவர்களில் பாதிப் பேர் பெண்கள், பாதிப் பேர் வாயைப் பொத்தியிருந்தார்கள். பயிற்சி மருத்துவர் ஒரு சின்னப் பெண். முகம் சுளிக்காமல் கல்லைச் சுரண்டினாள். இடது முன்பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டி நிறுத்தலாம் என்றாள். வலது பல் அவள் விரலோடு வந்துவிட்டது.

“அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் நிறுத்தியிருக்கலாம்” என்றாள்.

அக்கா பல்லைக் கேட்டு வாங்கிப் பஞ்சில் சுற்றிக்கொண்டார். பஸ்ஸில் என்னைப் பார்த்துச் சிரித்தார், முதல் முறையாகக் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல். நான் ஒரு நொடி ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். சீனுவின் மேலும் டாக்டரின் மேலும் வந்த அருவருப்பு அன்று முதல் என்மேலும் வருகிறது.

போன வாரம் வைட்ஃபீல்ட் பக்கம் போனபோது அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து பார்த்தேன். பலகை அப்படியே இருக்கிறது, பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறது. நான் பஞ்சுக்குள் பார்த்த அந்தப் பல் இடப்பக்க வாயில் இன்னும் விழாமல் நிற்கிறது.