விதைக்கு விட்ட பீன்ஸ்

தையல்காரம்மாவின் வீட்டுக்குப் பின்னால், துணிக்கொடிக்கும் மதிலுக்கும் நடுவில், ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் இருந்தது. அதில் வருஷா வருஷம் பீன்ஸ் போடுவார். பந்தல் கேட்காத குத்துச்செடி, முழங்காலைத் தாண்டாது. விதை நாத்தனார் கொடுத்தது. பழுப்புக் கொட்டையில் வெள்ளை வரி ஓடும். கடையில் அந்த ஜாதி கிடைக்காது. அதனால் நல்ல காய்கள் சிலவற்றைச் செடியிலேயே காயவிட்டு, அடுத்த விதைப்புக்கு எடுத்து வைப்பார்.

இந்த முறை அவருக்குக் கண்ணெல்லாம் அந்தக் காய்கள் மேல்தான். தூர ஊரில் வேலைக்குப் போன மகள் வீட்டுப்பக்கம் வந்து மூன்று வருஷமாகிறது. போனில் பேசினாலும் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு சரி. அப்படிப்பட்டவள் திடீரென்று, "அம்மா, நம்ம வரி பீன்ஸ் விதை கொஞ்சம் அனுப்பேன். பால்கனியில தொட்டி சும்மா கெடக்கு" என்றாள்.

மகள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! கொழுத்த காய்களாகப் பார்த்து ஒவ்வொரு காம்பிலும் சிவப்பு நூல் கட்டினார் தையல்காரம்மா. அவர் தொழிலில், நூலோடிய இடத்தில் கத்திரி படக்கூடாது.

கணவருக்குச் சலவைக்கடை. அங்கே நூல் கட்டிய மூட்டை என்றால் வேலை முடிந்தது, எடுத்துவிடலாம் என்று அர்த்தம்.

ஒரு மாலை தையல்காரம்மா அளவெடுத்துவிட்டுத் திரும்பியபோது அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு நூல் குவிந்து கிடந்தது.

"இன்னிக்கு என் சமையல்," என்றார் கணவர் பெருமையாக. "நீ கட்டி வெச்சதுல ஒண்ணுகூட விடல."

"அட மனுஷா! அது விதைக்கு விட்டது!"

"கட்டினா ரெடின்னுதானே அர்த்தம்?"

"உங்க புத்தி இஸ்திரிப்பெட்டிய விட்டு வெளிய வராதா?"

"அதான் இவ்வளவு நார்நாரா இருக்கா..." என்று முனகினார் அவர்.

மற்ற காய்களை முன்பே சமைத்தாயிற்று. செடியும் ஓய்ந்துவிட்டது, இனிப் பூக்காது. மிச்சம், விளைச்சல் பொய்த்தால் உதவும் என்று போன வருஷம் ஒதுக்கிய ஒரு கைப்பிடி விதை.

"பாதி அனுப்பு, பாதி நமக்கு," என்றார் கணவர் தயங்கித் தயங்கி.

மறுநாள் தையல்காரம்மா அத்தனையையும் துணிப்பையில் தைத்துத் தபாலில் போட்டார். பொட்டலம் போய்ச் சேர்ந்த அன்று மகள் கூப்பிட்டாள்.

"இவ்வளவு எதுக்கும்மா? உனக்கு?"

"இங்க ஒண்ணும் இல்ல. நீ போட்டு, காயவிட்டு, எனக்குக் குடு."

"சரி, தபால்ல அனுப்பிடறேன்."

"தபால் வேணாம்டி. கையில கொண்டு வா."

தையல்காரம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"விதைச்சா, காய எத்தனை நாளாகும்மா?" என்றாள் மகள்.

கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று அவர் யோசித்தார்.