ஐந்தாம் மாடி அக்காவும் மூன்று கட்சி லிஃப்டும்

கப்பிக்கு அறுபத்தொரு வயது. அதில் முப்பத்தெட்டு வருடங்களை அவர் லிஃப்டுகளின் தலைமேலும் காலடியிலும் கழித்திருக்கிறார். உள்ளே நின்று பயணம் செய்தது குறைவு. கதவு மூடும் சத்தத்தை வைத்தே அந்த லிஃப்டுக்கு எந்த உறுப்பில் வலி என்று சொல்லிவிடுவார். ஒருமுறை பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் நின்று முகர்ந்து பார்த்து, "ஒன்பதாவது மாடியில பிரேக் காயுது" என்றார். ஏறிப்போய்ப் பார்த்தால் ஒன்பதரையில் காய்ந்துகொண்டிருந்தது. அரை மாடி தப்பிப்போன வருத்தத்தில் மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்து ஒரு வேளைதான்.

கப்பி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கம்பிவடம் ஓடுகிற சக்கரத்தின் பெயர் அது. எந்நேரமும் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவருக்கு அதுவே ஒட்டிக்கொண்டது. எங்கள் அரசுக் குடியிருப்பின் தரைத்தளத்தில், தையற்கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் அவர் வீடு. மனைவி இறந்துவிட்டார். மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அக்கா. அதே கட்டடத்தில், ஐந்தாம் மாடியில் இருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். ஊரில் பாதிப்பேரின் குரல் தெரியும், முகம் தெரியாது. அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் ஓய்வு பெற்றுவிட்டன.

லிஃப்டைத் தவிரக் கப்பிக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அது ஓட்டுப் போடும் முறை.

பழைய முறையில் எங்கள் தொகுதியில் ஒரே ஆள் ஐந்து முறை ஜெயித்தார். கப்பி இதை ஒரு தகர டப்பாவில் இருந்த நட்டுகளை வைத்து விளக்குவார். நூறு நட்டுகளைத் தரையில் கொட்டி, முப்பத்தொன்று, இருபத்துநான்கு, இருபது, பதினைந்து, பத்து என்று ஐந்து குவியலாகப் பிரிப்பார். "அறுபத்தொம்பது பேர் வேண்டாங்கறான். முப்பத்தோரு பேர் வேணுங்கறான். யாரு ஜெயிச்சான், சொல்லுங்க" என்பார். அந்த நட்டுகளை எடுத்துக்கொண்டு பத்து வருடம் தெருத்தெருவாகப் போனார். கையெழுத்து வாங்கினார். கட்சி வாங்கிய ஓட்டின் பங்குக்கு ஏற்ப இடம் கிடைக்கவேண்டும், ஒரு ஓட்டும் வீணாகக் கூடாது என்று தொண்டை கிழியப் பேசினார். கடைசியில் நாடு முழுக்க இதைப் பற்றி ஒரு வாக்கெடுப்பு நடந்து, புதிய முறை ஜெயித்தது. அன்று கப்பி அக்காவை லிஃப்டில் ஏற்றி, மேலும் கீழுமாக நாலு தடவை சும்மாவே அழைத்துப் போனார்.

அந்த லிஃப்ட் நின்றது அடுத்த ஆண்டு.

அதற்கு முன்னால் தேர்தல் முடிந்திருந்தது. நூற்றிருபது இடம், ஆட்சிக்கு அறுபத்தொன்று வேண்டும். பெரிய கட்சிக்கு நாற்பத்தாறு கிடைத்தது. நடுக் கட்சிக்குப் பதின்மூன்று. நாங்கள் பொடிக் கட்சி என்று கூப்பிடும் கட்சிக்கு நான்கே நான்கு. மூவரும் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பத்தேழு நாள் பேசினார்கள். வெளியே வந்தபோது கட்டடங்கள் பெரிய கட்சியிடமும், மின்சாரம் நடுக் கட்சியிடமும், பாதுகாப்புச் சான்று பொடிக் கட்சியிடமும் இருந்தன. எங்கள் லிஃப்ட் அறியாப் பிராணி. அது ஒரு கட்டடத்துக்குள், மின்சாரத்தில், பாதுகாப்பாக ஓடவேண்டிய பொருள்.

பிரேக் பட்டை தேய்ந்துபோய் அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. பரிசோதகர் வந்து மின்சாரத்தைத் துண்டித்து, கதவிலும் மோட்டார் அறையிலும் கம்பி கட்டி ஈய முத்திரை அடித்துவிட்டுப் போனார். புதிய பட்டை போடக் கட்டடத் துறை அனுமதி, மின்சாரம் திருப்பிக் கொடுக்க மின்துறை அனுமதி, ஓடவிடச் சான்று. மூன்றும் வந்தால்தான் முத்திரையை அவிழ்க்கலாம். வேறு யாராவது தொட்டால் தொழில் உரிமம் போய்விடும்.

"ரெண்டு மணி நேர வேலைக்கா" என்றார் கப்பி. "பட்டை என் அலமாரியிலேயே இருக்கு."

"அப்ப ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்றார் அக்கா.

தம்பிமேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு வாரம் கழித்து நாலு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கப் பார்த்தார்கள். மாடிப்படி குறுகல். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், அக்கா கூரையைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் மிதந்தார். மறுபடி மேலே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு ஒன்று சொன்னார். "இனிமே என்னைத் தூக்கறதா இருந்தா, நான் செத்த பிறகு தூக்குங்க. உசிரோட நான் நின்னுகிட்டுத்தான் இறங்குவேன்."

கப்பி மூன்று அலுவலகங்களுக்கும் நடந்தார். கட்டட அலுவலகம், "சான்று வரட்டும், உடனே அனுமதிக்கிறோம்" என்றது. சான்று அலுவலகம், "மின்சாரம் இருந்தாத்தானே ஓட்டிப் பார்த்துச் சான்று கொடுக்க முடியும்" என்றது. மின்துறையில் இருந்த பெண் நல்லவர், உட்காரச் சொன்னார். "கட்டடத்துக்காரங்க பட்டைக்கு அனுமதி கொடுக்காம நாங்க எப்படிங்க கரண்ட் கொடுக்கறது" என்றார். கப்பி ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டினார். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகா வரைஞ்சிருக்கீங்க" என்றார்.

ஐந்தாவது முறை போனபோது கட்டட அமைச்சரே கிடைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா சான்று எங்க கையில இல்ல. கூட்டணி தர்மம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அவங்க இலாகாவுல நாங்க தலையிட முடியாது."

"கட்டடம் உங்களோடதுதானே சார்?"

"கட்டடம் எங்களோடது. லிஃப்ட் ஓடறது அவங்களோடது."

"ஓடாம நிக்கிற லிஃப்ட் யாரோடது சார்?"

அமைச்சர் கண்ணாடியை மாட்டி, கப்பியை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தையற்கடை அம்மா இதற்கெல்லாம் காத்திருந்தவர். அவர் பழைய முறைக்கு ஓட்டுப் போட்டவர், அதை மறைத்ததும் இல்லை. கப்பி தினமும் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

"என்ன அண்ணே, எல்லா ஓட்டுக்கும் மதிப்பு வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

"லிஃப்டுக்கு மட்டும் வரலையாக்கும். முன்ன இருந்த ஆளு ஒண்ணும் செய்யமாட்டான், ஒத்துக்கறேன். ஆனா அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தலாம். பல்லு விளக்கிக்கிட்டே வந்து வாங்கிக் கட்டிக்குவான். இப்ப நீ எங்க போய்க் கத்துவ?"

"அவன் ஜெயிச்சதே அநியாயம்மா."

"அநியாயமா ஜெயிச்சாலும் அட்ரஸ் இருந்துச்சில்ல."

கப்பி உள்ளே போய்விட்டார். அன்று தகர டப்பாவைக் காலால் உதைத்ததில் நட்டுகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. அவற்றைப் பொறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

லிஃப்ட் நின்று ஒன்பதாம் மாதம் கூட்டணி உடைந்தது. லிஃப்டுக்காக இல்லை, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது போன்ற ஏதோ ஒரு பெரிய விஷயம். மறுபடி தேர்தல். கப்பியின் முகத்தில் களை வந்தது. இந்த முறை தண்டிக்கலாம்.

யாரைத் தண்டிப்பது என்பதில்தான் சிக்கல். கண்ணாடி துடைக்கிற அமைச்சரைத் தண்டிக்க முடியாது. அவர் பெயர் பெரிய கட்சியின் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. தாளில் கட்சிக்குத்தான் முத்திரை குத்தலாம், ஆளுக்குக் குத்த முடியாது. கட்சிக்கு ஒரு பிடி ஓட்டு விழுந்தாலே அவர் உள்ளே வந்துவிடுவார். சுற்றிச் சுற்றிப் பார்த்து, சான்று கொடுக்காத பொடிக் கட்சியைக் கவிழ்ப்பது என்று கட்டடம் முழுக்க முடிவானது.

நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கே ஓட்டுப்பெட்டியைக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம். ஆகவே அக்காவின் ஒரு ஓட்டுக்காக மூன்று அலுவலர்களும் ஒரு போலீஸ்காரரும் பெட்டியோடு ஐந்து மாடி ஏறினார்கள். நான்காம் மாடியில் தலைமை அலுவலர் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே வந்து சேர்ந்ததும் அக்கா முதலில் நாலு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஓட்டுத்தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"தம்பி, இதுல எங்க குத்தினா லிஃப்ட் ஓடும்?"

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாதும்மா."

"சரி, யாரு குத்தம்னு தெரிஞ்சாலாவது எங்க குத்தக்கூடாதுன்னு பாத்துக்குவேன்."

"அதுவும் சொல்லக் கூடாதுங்க."

"ஒரு ஓட்டை மேல கொண்டுவர நாலு பேரு வர்றீங்க. ஒரு ஆளைக் கீழ கொண்டுபோக ஒருத்தரும் இல்ல."

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமை அலுவலருக்கு மூச்சு வாங்கியதால் சிரிக்க முடியவில்லை.

முடிவு வந்தது. பொடிக் கட்சிக்கு நான்கு போய் மூன்று. பெரிய கட்சிக்கு நாற்பது. நடுக் கட்சி பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது. பெரியதும் நடுவும் சேர்ந்தால் ஐம்பத்தொன்பது, இரண்டு குறைகிறது. மீதி ஐம்பத்தெட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஆறு கட்சிகள். ஆகவே மறுபடி அதே மூவர், அதே அறை, அதே சாத்திய கதவு. பொடிக் கட்சிக்கு ஒரு இடம் குறைந்தது, ஒரு இலாகா கூடியது. சான்று வேண்டாம், கட்டடமும் சாலையும் வேண்டும் என்று கேட்டார்களாம், கொடுத்துவிட்டார்கள். சான்று பெரிய கட்சிக்குப் போனது.

கப்பி சான்று அலுவலகத்துக்குப் போனார். புதிய அமைச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. உங்க கஷ்டம் புரியுது. கட்டட அனுமதி வந்தாத்தான் நாங்க சான்று கொடுக்க முடியும்."

"சார், போன வருஷம் கட்டட அனுமதி கொடுக்கவேண்டியதே நீங்கதான்."

"அது போன அரசு."

"அதுலயும் நீங்கதானே சார் இருந்தீங்க?"

"அது வேற ஒப்பந்தம். இது வேற ஒப்பந்தம்." பிறகு, மனது கேட்காதவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "நான் அப்பவே செஞ்சிருக்கலாம். செஞ்சிருந்தா பேரு சான்று வச்சிருந்தவங்களுக்குப் போயிருக்கும். இப்ப நான் செஞ்சா கட்டடம் வச்சிருக்கறவங்களுக்குப் போகும். எங்க பக்கத்து நியாயத்தையும் பாருங்க."

முப்பத்தெட்டு வருடத் தொழிலில் கப்பி எத்தனையோ பழுதுகளைப் பார்த்திருக்கிறார். தான் பழுது என்பதை இவ்வளவு தெளிவாகத் தானே சொல்லும் இயந்திரத்தைப் பார்த்ததில்லை.

அன்று அவர் ஐந்து மாடி ஏறிப்போனார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மரத்தோட உச்சி எனக்கு இப்ப அத்துப்படிடா. எந்தக் கிளையில எத்தனை கூடுன்னு சொல்லுவேன். அடி எப்படி இருக்கும்னுதான் மறந்துபோச்சு."

பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கப்பி மோட்டார் அறைக்குப் போய், இடுக்கியால் முத்திரைக் கம்பியைக் கத்தரித்தார். ஒளிந்து செய்யவில்லை. தையற்கடை அம்மாவிடம் விளக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவரும் வாயைத் திறக்காமல் பிடித்துக்கொண்டார். அது எங்கள் கட்டட வரலாற்றிலேயே நடக்காத காரியம். பட்டை மாற்ற ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. பிறகு மின் இணைப்பையும் தானே கொடுத்து, மணல் மூட்டைகளை ஏற்றி ஏழு தடவை ஓட்டிப் பார்த்தார். எட்டாவது தடவை ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்து நின்றார்.

அக்கா நல்ல புடவை கட்டி, செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கீழே இறங்கி, தம்பியின் தோளைப் பிடித்தபடி மரத்தடிவரை நடந்தார். அடிமரத்தில் கை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு பெருத்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மதியம் இரண்டரைக்கு ஒரு வண்டி வந்தது. ஒரே வண்டியில் மூன்று துறை ஆட்களும் இறங்கினார்கள். கட்டடத் துறைக்காரர் எழுதினார், மின்துறைக்காரர் இணைப்பைப் பிடுங்கினார், சான்றுத் துறைக்காரர் முத்திரை அடித்தார். கப்பியின் உரிமத்தை ரத்து செய்யும் தாளில் மூன்று பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் இருபது நிமிடம். பேனாவைக்கூட ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கைமாற்றிக்கொண்டார்கள்.

"பாருங்க அண்ணே" என்றார் தையற்கடை அம்மா. "கூட்டணி உடையல."

அவர்கள் போன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது, அக்கா கீழே இருக்கிறார் என்பது.

பதினான்கு மாதம் மேலே மாட்டிக்கொண்டிருந்தவர் இப்போது கீழே மாட்டிக்கொண்டார். கப்பியின் அறையில் ஒரே கட்டில். அதில் அக்கா படுக்கிறார். கப்பி தூங்குவதற்கு ஐந்து மாடி ஏறுகிறார். அக்காவுக்கு மருந்து, தலையணை, கண்ணாடி, ரேடியோ என்று ஒவ்வொன்றாக நினைவு வரும்போதெல்லாம் மறுபடி ஏறுகிறார். ஊரில் உள்ள எந்த லிஃப்டையும் இனி அவர் தொடக் கூடாது. அக்கா மட்டும் தினமும் காலையும் மாலையும் மரத்தடிவரை நடந்துவிட்டு வருகிறார்.

பழைய முறைக்கே திரும்பிவிடலாமா என்று கப்பியைச் சிலர் கேட்டார்கள். மறுத்துத் தலையை ஆட்டினார். "அறுபத்தொம்பது பேரைத் திரும்பவும் தூக்கிப்போடச் சொல்றீங்களா? நான் மாட்டேன்." அடுத்த வாரமே ஒரு புதிய மனு எழுத உட்கார்ந்தார். யார் யாரோடு சேருவார்கள், யார் எந்த இலாகாவை எடுப்பார்கள் என்பதை ஓட்டுக்கு முன்னாலேயே சொல்லவேண்டும். கட்சியைத் தேர்ந்தெடுக்க மட்டுமல்ல, அதன் பட்டியலில் வேண்டாத ஆளின் பெயரை அடித்து நீக்கவும் ஓட்டுப் போடுகிறவருக்கு உரிமை வேண்டும். மூன்று துறை சேர்ந்த வேலைக்கு ஒரு பெயர் பொறுப்பாக இருக்கவேண்டும். இரண்டு பக்கம், குண்டு குண்டான கையெழுத்தில்.

முதல் கையெழுத்துக்கு அக்காவிடம் நீட்டினார். அக்கா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். கையெழுத்தும் போட்டார். பிறகு தாளைத் திருப்பி மேல்பக்கத்தைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. 'பெறுநர்'னு போட்டுட்டு அங்க ஒண்ணும் எழுதலையே."

"அதுதான்க்கா யோசிக்கறேன்" என்றார் கப்பி.