மாமனாரின் ஐசியில் இருந்த நம்பர்

நீங்கள் தெரிந்தேதான் செய்தீர்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று மேடையில் சொன்னீர்கள். அது பொய்.

என் பழைய பிரிவுத் தலைவரிடம்தான் இதைச் சொல்கிறேன். பங்சாரில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பேர் சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன்.

தொலைபேசிக் கம்பெனி பேச்சுக்கும் இணையத்துக்கும் காசு வாங்கிப் பிழைக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பேச்சில் இப்போது ஒன்றும் இல்லை. எல்லாரும் வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். கம்பெனியிடம் மிச்சம் இருக்கிற பெரிய சொத்து, யார் கையில் எந்த நம்பர் இருக்கிறது என்ற விவரம். அதை விற்கிற வழிதான் ஏபிஐ. ஒரு கம்பெனியின் கணினி இன்னொரு கம்பெனியின் கணினியிடம் கேள்வி கேட்டு உடனே பதில் வாங்கிக்கொள்ளும் வாசல் அது. இந்த நம்பர் இந்த ஐசிக்காரருடையதுதானா, அதாவது இந்த அடையாள அட்டைக்காரருடையதுதானா என்று வங்கி கேட்கும். ஆம் என்றோ இல்லை என்றோ எங்கள் கணினி சொல்லும். இந்த சிம் சமீபத்தில் மாற்றப்பட்டதா என்று இன்னொருவர் கேட்பார். கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் உண்டு. புதுக் கோபுரம் கட்ட வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம். இருக்கிற விவரத்தையே திரும்பத் திரும்ப விற்கலாம்.

கேள்வி கேட்கும் கம்பெனிகளுக்குக் கோளாறு வந்தால் என்னை அழைப்பார்கள். அதுதான் என் வேலை. ஏபிஐ கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தவர் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றி வங்கிக் கணக்கைத் துடைக்கப் பார்த்த ஒருவனை எங்கள் பதில் ஒன்று தடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். முன்பு ஒருவர் நம்பரை இன்னொருவர் பேருக்கு மாற்ற கடைக்குப் போய் வரிசையில் நின்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்தில் முடிகிறது.

ஆனால் விற்கிற பதில் சுத்தமாக இருக்க வேண்டுமே. செத்தவர் பேரில் நம்பர் இருந்தால் வங்கிக்காரன் முகம் சுளிப்பான். அதனால் அடையாளம் சரிபார்க்கும் ஒரு வெளி நிறுவனத்தோடு இன்னொரு ஏபிஐ போட்டார்கள். இந்த ஐசிக்காரர் இறந்துவிட்டார் என்று அங்கிருந்து தகவல் வந்தால், அவர் பேரில் இருக்கும் எல்லா நம்பரும் தானாக வெட்டுப்படும். வெட்டின நம்பரை முன்பு பல மாதம் யாருக்கும் தராமல் வைத்திருப்போம். அதையும் எடுத்துவிட்டார்கள். நல்ல நம்பர் சும்மா கிடந்தால் நஷ்டம் என்றார் தலைவர். வெட்டுப்பட்ட நம்பர் நேராக விற்பனைச் செயலிக்குப் போய்விடும். இதில் மனிதக் கை எங்கேயும் படாது என்று பெருமையாகச் சொல்வார்.

எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்று இருக்கிறது. சிம் கார்டை ஐசியோடு பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் ஊர் கிள்ளானில் பாதி வீடுகளில் ஒருவர்தான் கடைக்குப் போனார். அப்பா போவார், இல்லை பெரியப்பா போவார். தன் ஐசியை நீட்டி வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சிம் வாங்கி வந்துவிடுவார். பெண்கள் இதற்காக வேலையை விட்டுக் கடைக்கு அலைவதா என்று ஒரு எண்ணம். யார் பேரில் இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் யோசித்ததில்லை. டாப் அப் போடுகிறவருக்குத்தான் நம்பர்.

என் அக்காவின் வீட்டிலும் அதே கதை. அவள் மாமனார் சிம்களை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா எடுத்தது ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் நம்பர். மகன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். தொலைந்துபோனால் யாரிடமாவது சொல்ல அவனுக்குச் சுலபமாக இருக்கும் என்றுதான் அதை எடுத்தாள். தினமும் காலையில் தன் ஜடையைப் பின்னிக்கொண்டே அவனை ஒப்பிக்கச் சொல்வாள்.

அந்த மகன் வளர்ந்து ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனான். விசா முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டான். எங்கே இருக்கிறான் என்று சொல்லமாட்டான், பயம். சொந்த நம்பர் வைத்துக்கொள்ளமாட்டான். சில மாதத்துக்கு ஒருமுறை யாருடைய போனையாவது வாங்கி அம்மாவைக் கூப்பிடுவான். என் நம்பரோ மற்ற யாருடைய நம்பரோ அவனுக்கு மனப்பாடம் கிடையாது. அம்மா நம்பர் மட்டும் தெரியும்.

கடைசியாக அவன் கூப்பிட்டபோது சண்டை. தாத்தாவுக்கு முடியவில்லை, திரும்பி வா என்று அக்கா கெஞ்சினாள். வந்தால் பிடிப்பார்கள், மறுபடி போக முடியாது என்றான் அவன். "அப்படின்னா இனிமே எனக்குப் போன் பண்ணாதே. நான் செத்துட்டேன்னு நெனச்சுக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த கையோடு அழுதாள். கோபத்தில் அம்மாக்கள் சொல்கிறதுதானே, அடுத்த தடவை கூப்பிடும்போது சரியாகிவிடும் என்றேன்.

மாமனார் இறந்தார். கருமக்கிரியை முடிந்த சில நாளில் வீட்டில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அடங்கிப்போயின. டாப் அப் முடிந்திருக்கும் என்று அக்கா கடைக்குப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆன்டியின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, டாப் அப் ஏற மாட்டேங்குது. அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு கடைக்காரப் பையன் சொல்றான். என்னா லா இது? உங்க கம்பெனிதானே, பாரு."

பார்த்தேன். உரிமையாளர் இறப்பு, எண் திரும்பப் பெறப்பட்டது, விற்கப்பட்டது. மூன்றும் ஒரே நாளில். மற்றவர்களின் நம்பர்கள் இன்னும் கிடந்தன. அக்காவுடையது நல்ல நம்பர், உடனே போய்விட்டது.

தலைவரின் அறைக்குப் போனேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஐசி யாரு பேர்ல இருக்கோ அவங்க நம்பர் லா. சிஸ்டம் கரெக்டாத்தான் வேலை செஞ்சிருக்கு. உங்கக்கா அவங்க பேர்ல வாங்கியிருக்கணும்."

"உங்கம்மா அவங்க பேர்ல வாங்குனாங்களா பாஸ்?" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம்பரை வெட்டும் அந்த ஏபிஐயைத் திறப்பதற்கு முன்பு ஒரு மதியம் எங்கள் பிரிவையே பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். அவரும் கிள்ளான்காரர்தான். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "எங்கம்மா சிம் எங்க பெரியப்பா பேர்ல லா. அவரு போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். இத ஆன் பண்ணா முதல்ல எங்கம்மாவத்தான் கட் பண்ணும். போன வாரமே என் பேருக்கு மாத்திட்டேன்." பக்கத்தில் இருந்தவன், "பாஸ், அப்ப இத்தனை வருஷமா பெரியப்பா மேல இருந்து பில்லு கட்டுனாரா?" என்று கேட்க, மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்று அக்காவின் மாமனார் உயிரோடு இருந்தார். அக்காவின் சிம் யார் பேரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தலைவருக்கோ கிள்ளான் வீடுகள் எப்படி என்று நன்றாகத் தெரியும். அத்தனை பேருக்கும் முன்கூட்டி ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லியிருக்கலாம். குறுஞ்செய்தி அனுப்புவதுதான் எங்கள் தொழிலே.

"அது வேற லா," என்றார் தலைவர். "எனக்கு மீட்டிங் இருக்கு."

என்ன வேறு என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

நானே அந்த நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர் சுங்கை பூலோவில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு தமிழர். நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, கஸ்டமருக்கு ஞாபகம் இருக்கும்னு வாங்குனேன். எனக்கு என்னா தெரியும்?"

"யாராச்சும் வெளிநாட்டிலேர்ந்து கூப்பிட்டாங்களா?"

"ஆமா அண்ணே. ஒரு பையன். எடுத்ததும் அம்மான்னான். நான் யாருன்னு கேட்டேன், வெச்சிட்டான். மறுபடி அடிச்சான், அம்மாகிட்ட குடுங்கன்னு அழுறான். இப்பல்லாம் ஸ்கேமருங்க இப்படித்தானே அண்ணே, மகன் மாதிரி அழுது காசு கேக்குறானுங்க. உனக்கு இங்க அம்மா யாரும் இல்ல, இனிமே போன் பண்ணாதேன்னு சொல்லி பிளாக் பண்ணிட்டேன்."

அவன் எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டான் என்று கேட்டேன். அவர் மெதுவாக, "அக்கா மகனா அண்ணே?" என்றார்.

அவன் கூப்பிட்ட நம்பரை எனக்கு அனுப்பினார். அழைத்தேன். ஒரு பஞ்சாபிக்காரர் எடுத்தார். தோட்டத்தில் பறிப்பு முடிந்துவிட்டது, ஆட்கள் எல்லாம் வேறு வேறு திசைக்குப் போய்விட்டார்கள், அந்தப் பையன் எங்கே போனான் என்று தெரியாது என்றார்.

டயர் கடைக்காரர் கேட்காமலே நம்பரைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா பேருக்கு மாற்றுவதற்கு, அவர் கடையில் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் ஐசியைக் காட்டினார்கள், முகத்தைக் காட்டினார்கள், முடிந்தது. அதுவும் ஏபிஐதான். கொடுக்கவும் அவ்வளவு சுலபமாக முடிகிறது. அப்படியிருக்க, வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்க மட்டும் ஏன் முடியவில்லை?

இப்போது அந்த நம்பர் அக்காவின் பேரில், அக்காவின் ஐசியில், சுத்தமாக இருக்கிறது. எந்த வங்கி கேட்டாலும் கணினி ஆம் என்று சொல்லும். மகன் மட்டும் கூப்பிடவில்லை. போன் பண்ணாதே என்று அம்மா சொன்னாள். அடுத்து யாரோ ஒரு ஆள் எடுத்து அம்மா இல்லை என்று சொன்னான். அம்மா சொன்னபடியே உறவை வெட்டிவிட்டாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். தாத்தா இறந்ததும் அவனுக்குத் தெரியாது.

போன் அடிக்காமல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தேன். அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தாள்.

"பாஸ், என் டயர் வந்துருச்சா?"

அக்கா கோபப்படவில்லை. கடைக்காரரின் புது நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, கூப்பிட்டவர் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தாள். இப்படி எத்தனை பேர் கூப்பிட்டாலும் அதே பொறுமை. "ராங் நம்பர்னு சொல்லி வைக்க வேண்டியதுதானே க்கா" என்றேன்.

"வேணாம் தம்பி. அந்த வார்த்தை என் வாயில வராது."

நான் கம்பெனியை விட்டுவிட்டேன். தலைவர் வளர்ந்துவிட்டார். ஏபிஐயால் தொலைபேசிக் கம்பெனிகளுக்கு என்ன லாபம் என்று மண்டபம் மண்டபமாகப் பேசுகிறார். ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, குடும்பத்தில் வேறொருவர் பேரில் இருந்த நம்பர்கள் வெட்டுப்பட்டதைப் பற்றிக் கேட்டார். "அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது" என்று தலைவர் ஒலிவாங்கியில் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். நான் கையைத் தூக்குவதற்குள் தேநீர் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

தலைவரே, அடுத்த கூட்டத்துக்கும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேச வேண்டாம், ஆள் விட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். எத்தனை வீடுகளில் இப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, உங்கள் கணினிக்குத் தெரியும். அதே மேடையில், அதே ஒலிவாங்கியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அந்த ஏபிஐயைத் திறப்பதற்கு முன்பே உங்கள் அம்மாவின் நம்பரை உங்கள் பேருக்கு மாற்றினீர்களா, இல்லையா? மாற்றினீர்கள் என்றால், மற்ற அம்மாக்களுக்கு ஏன் சொல்லவில்லை?